கடிகாரத்தில் எத்தனை கல்?

பத்தாம் வகுப்பு மாணவி

கல் பதித்த தோடும் மோதிரமும் நாம் அறிந்தவை. கடிகாரத்துக்குள்ளும் கல் உண்டு. பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் பலவற்றில் '17 ஜுவல்ஸ்' என்று பொறித்திருக்கும். 17 கல் என்பதே அதன் பொருள். அவை அழகுக்காக வைத்தவை அல்ல.

சக்கரத்தின் அச்சு உலோகத் துளையில் ஓயாமல் சுழன்றால் துளை தேய்ந்து அகலும், நேரம் தவறும். மாணிக்கம் மிகக் கடினமானது, வழுவழுப்பானது. அதில் துளையிட்டு அச்சைப் பொருத்தும் முறைக்கு 1704-இல் இலண்டனில் காப்புரிமை வழங்கப்பட்டது. 1902-இல் பிரெஞ்சு அறிஞர் வெர்னெய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அதன்பின் கடிகாரக் கல் மலிவாயிற்று.

இனி கணக்கைப் பார்ப்போம். இடமும் வலமும் ஆடும் பாலன்ஸ் சக்கரத்துக்கு 4 கல்; அதைத் தள்ளும் முளைக்கு 1; நெம்புகோலின் இரு முனைகளுக்கு 2. ஆக 7. நெம்புகோலின் அச்சுக்கும் மூன்று சக்கரங்களுக்கும் மேலும் கீழுமாக 8 சேர்த்தால் 15. நடுச்சக்கரத்துக்கு 2 சேர்த்தால் 17.

பழைய அமெரிக்கப் பாக்கெட் கடிகாரங்கள் சிலவற்றில் 11 என்ற விந்தையான எண் காணப்படும். இரட்டையாக வரவேண்டிய கல் எப்படிக் குறைந்தது? பின்மூடியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் தகட்டில் மட்டும் 4 கல் பதித்து, மறைந்திருக்கும் தகட்டில் வெறும் உலோகத் துளையை விட்டுவிட்டார்கள்!

இரயில்வேக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1891 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கிப்டனில் இரு இரயில்கள் மோதிப் பலர் மாண்டனர். ஒரு டிரைவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்றுபோய் மீண்டும் ஓடியதே காரணம் என்பர். பின்னர் வெப் பால் என்ற கடிகார வணிகர் விதிகள் வகுத்தார். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. 17 கல்லாவது வேண்டும் என்பவை அந்நாட்டு இரயில்வேக்களில் பரவிய விதிகளுள் சில.

நம் நாவலூரில் இரயில் பாதை இல்லை. தாம்பரம் சென்றே வண்டி ஏறுகிறோம். கடற்கரை–தாம்பரம் மின்சார இரயில் 1931-இல் ஓடத் தொடங்கிய நாளில், டிரைவரும் கார்டும் நம்பியது சாவி கொடுக்கும் கடிகாரத்தைத்தான்.

கல்லுக்கு மதிப்பு வந்ததும் போலியும் வந்தது. இரயில் எஞ்சின் படம் வரைந்து, '21', '23' என்று பொறித்த மட்டமான கடிகாரங்கள் விற்பனைக்கு வந்தன. பிற்காலத்தில் சிலர் வேலையே இல்லாத கற்களைப் பதித்து 100 கல் என்றும் விளம்பரம் செய்தனர். 1974-இல் சர்வதேசத் தர நிறுவனம் இதற்கு ஒரு விதி வகுத்தது: உராய்வைக் குறைத்து வேலை செய்யும் கல்லை மட்டுமே எண்ணிச் சொல்ல வேண்டும்.

எச்.எம்.டி. கடிகார ஆலைகளை மூட 2016-இல் அரசு முடிவெடுத்தது. ஆனாலும் தாத்தாவின் பெட்டியில் ஒரு பழைய கடிகாரம் இருக்கலாம். அதிலுள்ள எண்ணைப் பாருங்கள். 'எத்தனை கல்?' என்பதோடு நில்லாமல், 'ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது?' என்றும் கேளுங்கள். கண்ணில் படாத தகட்டிலும் கல் பதித்த கடிகாரமே நெடுநாள் நேரம் தவறாது ஓடும்.