தானியங்கிக் கட்டுப்பாடும் மேலாளரின் கடமையும்

தானியங்கிக் கட்டுப்பாடு என்றால் என்ன? கொதிகலனில் நீர் குறைந்தால் வால்வு தானே திறக்கிறது. போதிய அளவு நிறைந்ததும் தானே மூடுகிறது. உணர்கருவி அளக்கிறது, கட்டுப்படுத்தி கணக்கிடுகிறது, வால்வு இயங்குகிறது. நம் நாட்டுச் செம்பனை எண்ணெய் ஆலைகளிலும் காணக்கூடிய இச்சுழற்சியே அதன் அடிப்படை.

இதனால் மேலாளருக்குக் கிடைக்கும் பெரும்பயன் தகவல்தான் என்பேன். வெப்பம், அழுத்தம், ஓட்டம் யாவும் தொடர்ந்து பதிவாகின்றன. எரிபொருள் எங்கே வீணாகிறது, எதை எப்போது பழுதுபார்ப்பது என்பதை அவர் ஊகிக்க வேண்டியதில்லை.

ஆனால், தகவலே தவறானால்? 2005 மார்ச் 23ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில், அன்று பிபி நிறுவனத்திற்குச் சொந்தமாயிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்ந்தது. 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். சுமார் 170 அடி உயரக் கோபுரத்தில் திரவம் ஏறிக்கொண்டிருந்தது. உணர்கருவியோ மட்டம் இறங்குவதாகக் காட்டியது. இரண்டாவது எச்சரிக்கை மணி ஒலிக்கவே இல்லை. உள்ளே வரும் அளவும் வெளியே போகும் அளவும் ஒரே திரையில் இல்லை. அவை அருகருகே இருந்திருந்தால், கோபுரம் நிரம்புவதைச் சாதாரணக் கழித்தல் கணக்கே காட்டியிருக்கும்.

ஆகவே, நாளைய மேலாளர்களாகிய நாம் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும்:

1. திரையிலுள்ள எண்ணை வேறோர் அளவு உறுதிப்படுத்துகிறதா?
2. உணர்கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது?
3. எச்சரிக்கை மணி ஒலிக்குமா எனச் சோதித்தோமா?

இவற்றைக் கேட்கும் பொறுப்பை எந்தக் கணினியிடமும் ஒப்படைக்க முடியாது.