படக்கதைகளோடு ஒரு பயணம்

நுழையும் முன்

விடுமுறையில் வெளியூர் செல்லும்போது நமக்கு விருப்பமான நூல்களையும் உடன் கொண்டு செல்கிறோம். மழை, வெயில், திருட்டு ஆகியவற்றிலிருந்து அவற்றைக் காப்பது எவ்வாறு? பழைய படக்கதை இதழ்களைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.



தமிழில் படக்கதைகளுக்குத் தனி வரலாறு உண்டு. 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. ஆங்கிலப் படக்கதையின் தமிழாக்கமாகிய ‘இரும்புக்கை மாயாவி’யே அதன் முதல் இதழ். 1984ஆம் ஆண்டு லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. பேருந்து நிலையக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைத்த இவ்விதழ்கள், படித்து முடித்தபின் பழைய தாள் கடைக்குச் சென்றன. எஞ்சிய பிரதிகள் சிலவே. ஆதலால் இன்று அவற்றைத் தேடிச் சேர்ப்போர் பலர்.

என் பள்ளிப் பருவத்தில் நானும் அவ்வாறு சேர்த்து வைத்திருந்தேன். பணி மாறுதல் பெற்று இடுக்கி மாவட்டத்திற்கு வந்தபோது, தமிழ் பயிலும் மாணவர்கள் படிக்கட்டும் என்று நாற்பது இதழ்களை அட்டைப்பெட்டி ஒன்றில் கட்டி எடுத்து வந்தேன். போடிமெட்டு மலைப்பாதையில் பேருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆனி மாத மழை விடாது பெய்தது. பின்புறச் சரக்கறையில் நீர் கசிந்ததை நான் அறியவில்லை. வீடு சேர்ந்து பெட்டியைத் திறந்தபோது அடியிலிருந்த ஒன்பது இதழ்கள் ஊறிப்போயிருந்தன. பதற்றத்தில் அன்றிரவே பக்கங்களைப் பிரித்தேன். அவை கையோடு கிழிந்து வந்தன. அவற்றுள் ஒன்று என் தந்தையார் வாங்கித் தந்தது. அக்கதையின் வேறு பிரதி விலைக்குக் கிடைக்கலாம். அட்டையின் உட்புறத்தில் அவர் எழுதியிருந்த என் பெயரும் நாளும் இனிக் கிடைக்கமாட்டா.

அன்று நான் செய்த பிழைகள் மூன்று. நீர் புகும் பெட்டியில் அடுக்கினேன். பெட்டியைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். நனைந்த தாளை அவசரப்பட்டுப் பிரித்தேன். இம்மூன்றையும் தவிர்க்கும் வழிகளை இனிக் காண்போம்.

1. தாளின் இயல்பு அறிந்து அடுக்குதல்

பழைய படக்கதைகள் பெரும்பாலும் செய்தித்தாள் வகைத் தாளில் அச்சிடப்பட்டவை. மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் அத்தாளில் தங்கியிருக்கும். ஒளியும் வெப்பமும் காற்றும் படப்பட அது தாளை மஞ்சளாக்கும். தாள் நொறுங்கும் தன்மை அடையும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டிற்கு மேல் நீடித்தால் பூஞ்சை தோன்றும். நடுவே அடித்திருக்கும் கம்பிப் பின்களும் துருப்பிடித்துத் தாளை அரிக்கும்.

இடுக்கி மலையில் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்கின்றன. ஆங்கு ஈரமே பகை. பாலக்காட்டிலோ பங்குனி, சித்திரை மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டுவதுண்டு. மூடி நிறுத்திய காருக்குள் அது இன்னும் மிகும். ஆகவே நூல்களைக் காருக்குள் விட்டுச் செல்லலாகாது.

ஒவ்வோர் இதழையும் தனித்தனிப் பாலிபுரோப்பிலீன் உறையிலிட்டு, வளையாதிருக்க அமிலமற்ற அட்டை ஒன்றைப் பின்னால் வைக்க வேண்டும். பி.வி.சி. உறை காலப்போக்கில் அச்சு மையைக் கெடுக்கும்; அதனைத் தவிர்க்க. பின்னர், மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் பொருந்திய நீர்புகாப் பெட்டியில் இதழ்களைப் படுக்கையாக அடுக்குக. இடைவெளியை வெள்ளைத் தாளால் நிரப்பினால் அவை குலுங்கா. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றையும் உள்ளே இடுக. மூடி இறுக்கமாக இருந்தால்தான் அவை பயன்படும். திறந்த பெட்டியில் வெளிக்காற்றின் ஈரத்தையே உறிஞ்சி விரைவில் தீர்ந்துவிடும்.

மூணாற்றின் குளிரிலிருந்து போடிநாயக்கனூரின் வெப்பத்திற்கு இறங்கியதும் பெட்டியைத் திறக்காதீர். குளிர்நீர்க் குவளையின் புறத்தே நீர் துளிர்ப்பதுபோல, குளிர்ந்த நூலின்மேலும் நீர் துளிர்க்கும். சில மணி நேரம் மூடியே வைத்து, பெட்டி அறையின் வெப்பநிலையை அடைந்தபின் திறத்தல் நன்று.

2. கண்பார்வையில் வைத்தல்

பெட்டியின்மேல் உள்ளிருப்பதன் பெயரையோ மதிப்பையோ எழுதலாகாது. பேருந்தில் மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளுக. இரவுத் தொடர்வண்டியில் கீழ்ப்படுக்கையின் அடியில் சங்கிலியால் பூட்டுக. உடன் வருவோர் இருப்பின் அரிய இதழ்களை இரு பைகளில் பிரித்து வைப்பது நன்று; ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று எஞ்சும்.

புறப்படுமுன் ஒவ்வோர் அட்டையையும் படம்பிடித்து, தலைப்பு, இதழ் எண், கிழிசல் அல்லது கறை போன்ற அடையாளங்களைக் குறித்து, பட்டியலின் ஒரு படியை வீட்டில் வைத்துச் செல்க. ‘என் நூல்’ என்று மெய்ப்பிக்க அப்பட்டியலே சான்றாகும். தொடர்வண்டியில் திருட்டு நேர்ந்தால் 139 என்னும் உதவி எண்ணை அழைக்கலாம். திருட்டு எவ்வூரில் நிகழ்ந்திருப்பினும் அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் படி புகார் தந்தவருக்குக் கட்டணமின்றித் தரப்படும். பழைய நூற்கடைகளுக்கும் பட்டியலை அனுப்புக. களவுபோன நூல் விற்பனைக்கு வரும் இடம் பெரும்பாலும் அதுவே.

3. நனைந்தால் பொறுத்தல்

நனைந்த பக்கங்களை வலிந்து பிரிக்கலாகாது. வெளிநீரை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, தானே விலகும் பக்கங்களுக்கிடையே மட்டும் உறிஞ்சுதாளை இட்டு, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துக. வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் கூடா. பல நூல்கள் நனைந்திருந்தால் இரண்டு நாட்களுக்குள் நெகிழிப்பையில் இட்டு உறைபெட்டியில் வைக்கலாம், பூஞ்சை பரவாது. பின்னர் ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

என்னிடம் எஞ்சிய முப்பத்தோர் இதழ்கள் இப்போது வகுப்பறை அலமாரியில் உள்ளன. மாணவர்கள் கை கழுவி வந்து, பதிவேட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்கின்றனர். மழைநாளில் மூடியிட்ட சிற்றுண்டிப் பெட்டியில் வைத்துத் திருப்பித் தருகின்றனர். சென்ற ஆண்டு முப்பத்தொன்றும் திரும்பி வந்தன.

சொற்பொருள்

எஞ்சிய – மீதமுள்ள
களவு – திருட்டு
ஆங்கு – அவ்விடத்தில்
உறைபெட்டி – பொருள்களை உறையச் செய்யும் குளிர்பெட்டி
வலிந்து – வலிமையைச் செலுத்தி

மொழியறிவோம்

நீர்புகாப் பெட்டி: ‘புகா’ என்பது ‘புகாத’ என்பதன் ஈறு கெட்ட வடிவம். இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆகும். இதன்பின் வல்லினம் மிகும்.

பயிற்சி

1. ஆசிரியர் செய்த மூன்று பிழைகள் யாவை?
2. மலையிலிருந்து இறங்கியவுடன் பெட்டியைத் திறக்கலாகாது. ஏன்?
3. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் நூல்களுக்கு நேரும் தீங்குகளை வேறுபடுத்துக.
4. பிரித்து எழுதுக: மலைப்பாதை, ஒவ்வொன்றாக, கண்ணுக்கு.
5. உம் வீட்டில் மீண்டும் வாங்க இயலாத நூல் அல்லது படம் ஒன்று இருக்கும். அதனை வெளியூருக்குக் கொண்டு செல்ல நேர்ந்தால் எவ்வாறு காப்பீர்? பத்து வரிகளில் எழுதுக.