இன்னும் எத்தனை மாதம்?



பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவி, கொடுத்த மருந்துகளுக்கெல்லாம் கட்டுப்படாமல் போன வியாதியஸ்தரின் வீட்டார் டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை எங்களிடம் கேட்கிறார்கள். வார்டில் ஜெபித்துவிட்டுத் திரும்பும்போது மூத்த மகனோ மருமகனோ வராந்தாவரை கூடவே வந்து, "ஐயா, இன்னும் எத்தனை மாதம்?" என்பார். ஆண்டவருக்கே தெரியும் என்று சொல்லிக் கடந்துபோவது எங்களுக்கு எளிது. ஆனால் வயலை விற்கலாமா, தங்கையின் கல்யாணத்தை முன்னுக்கு வைக்கலாமா, துபாயிலிருக்கும் தம்பியை இப்போதே வரச் சொல்லலாமா என்பதுதான் அவர் மனதில் இருக்கிறது. ஆகையால் மருத்துவர்கள் இதை எப்படிக் கணிக்கிறார்கள் என்று நாமும் சற்றுப் படித்துக்கொள்வது நல்லது.

ஆய்வுகளில் சொல்லப்படும் மாதக்கணக்கு ஒரு நடு எண். பாதிப்பேர் அதற்குள் இறந்திருப்பார்கள், பாதிப்பேர் அதைத் தாண்டியிருப்பார்கள். 2013இல் வெளியான ரெகோரஃபெனிப் ஆய்வில், மருந்தில்லாத மாத்திரை பெற்றவர்களுக்கு இந்த எண் 5 மாதம். மருந்து பெற்றவர்களுக்கு 6.4 மாதம். 2023இல் வெளியான வேறோர் ஆய்வில் டிரைஃப்ளூரிடின்-டிபிராசில் மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 7.5 மாதம், அதோடு பெவாசிசுமாப் மருந்தும் ஏற்றப்பட்டவர்களுக்கு 10.8 மாதம். முன்னேற்றந்தான், சந்தேகமில்லை. ஆனாலும் நகையை அடகு வைக்குமுன் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய அளவு இதுவே.

நடு எண்ணைத் தாண்டி வெகுதூரம் போகிறவர்களும் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வேறொரு வகைப் புற்றுநோய் கண்டது. அந்நோய்க்கு அன்றைய நடு எண் 8 மாதம். அவரோ 2002 வரை வாழ்ந்தார். இப்படிப்பட்ட ஒருவரைக் காட்டி எல்லா வியாதியஸ்தருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போகும் சந்திப்பாளர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அது இரக்கமல்ல.

சரி, இந்த ஒருவர் எந்தப் பாதியில் இருப்பார்? அதற்கு மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது அவர் பகலை எப்படிக் கழிக்கிறார் என்பதை. நடமாடுகிறாரா, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்குமேல் படுக்கையிலா? (காலையில் பல் துலக்கத் தானாக எழுந்தாரா என்று எங்கள் நர்ஸம்மாக்கள் கேட்பது வெறும் குசலம் அல்ல.) இதோடு இரத்தத்தில் எல்.டி.எச். அளவு, வயிற்றின் உட்சவ்வில் நோய் பரவியிருக்கிறதா, குடலிலுள்ள மூலக்கட்டி அகற்றப்பட்டதா என்பவற்றையும் சேர்த்து, அடுத்த 12 வாரத்தில் மரணம் நேரும் வாய்ப்பைக் கணிக்கும் அட்டவணை ஒன்றை இத்தாலிய மருத்துவர்கள் 2017இல் வெளியிட்டார்கள். நோய் பரவியது தெரிந்து 18 மாதத்துக்கு மேலாகியும் மூன்றுக்குக் குறைவான இடங்களிலேயே அது இருந்தால், அதிலும் கல்லீரல் தப்பியிருந்தால், நாள் சற்று நீளும்.

இவ்வளவு இருந்தும் கணிப்பு தவறுகிறது, பெரும்பாலும் ஒரே பக்கமாக. சிகாகோ நகரில் மரணத் தறுவாயிலிருந்த 468 பேரைப்பற்றி அவர்களுடைய மருத்துவர்கள் சொன்னதை 2000இல் வெளியான ஆய்வு ஒப்பிட்டது. ஏறத்தாழச் சரியாகச் சொல்லப்பட்டது 20 சதவீதம். உள்ளதைவிட அதிகமாகச் சொல்லப்பட்டது 63 சதவீதம். நெடுநாள் பழகிய டாக்டரின் கணிப்புதான் அதிகம் தவறியது. அன்பு கண்ணை மறைக்கும்போலும்! ஆகவே "மாதக் கணக்கு", "வாரக் கணக்கு", "நாள் கணக்கு" என்று டாக்டர் சொன்னால் அதுவே நேர்மையான பதில். தேதி கேட்டு வற்புறுத்த வேண்டாம். வாரக் கணக்கு என்றால் துபாய் தம்பி கிறிஸ்துமஸ்வரை காத்திருக்கக் கூடாது.

வியாதியஸ்தருக்குத் தெரியவேண்டாம் என்று வீட்டார் நம்மிடம் சத்தியம் வாங்குவதும் உண்டு. அப்படி மறைக்கப்பட்ட ஒரு தாயாரிடம், "அம்மா, உங்கள் உடம்பைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். "எனக்குத் தெரியும் ஐயா. பேரனின் ஞானஸ்நானத்தை முன்னுக்கு வைக்கச் சொல்லுங்கள், இவர்களிடம் நான் சொன்னால் அழுவார்கள்" என்றார். டாக்டர் வாரக் கணக்கு என்றிருந்தார். அடுத்த ஞாயிறே ஆராதனை நடந்தது. மார்ஃபின் மாத்திரை வலியைத் தணித்திருந்ததால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். அதற்குப்பின் பதினோரு வாரம் இருந்தார்.