கணக்குப் பார்த்த கருணை

நுழையும்முன்

பார்வை இழந்த முதியவர் ஒருவர் தடுமாறி நடப்பதைக் கண்டால் பெரும்பாலோர் மனம் இளகும். தன்னலம் மிகுந்ததாகச் சொல்லப்படும் இவ்வுலகிலும் இரக்கத்திற்குப் பஞ்சமில்லை. அந்த இரக்கத்தைத் தொடர்ந்து எழவேண்டிய கேள்விகளுக்குத்தான் பஞ்சம். இவருடைய பார்வை ஏன் போயிற்று? மீட்க வழியிருந்தும் ஏன் மீளவில்லை? இவரைப்போல் இன்னும் எத்தனை பேர்? இக்கேள்விகளை வாழ்நாள் முழுதும் விடாமல் கேட்ட மருத்துவர் ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

மணலில் எழுதிய விரல்கள்

மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். தாளும் எழுதுகோலும் எளிதில் கிடைக்காத ஊர் அது. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, அதில் விரலால் எழுதியே அவர் எழுத்துகளைக் கற்றார். பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அவர் முதலில் விரும்பியது கண் மருத்துவத்தை அன்று. அவருடைய இளமையில், உறவுப் பெண்கள் சிலர் பேறுகாலத்தில் உயிரிழந்தனர். அருகில் மருத்துவர் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்கக்கூடும் என்னும் எண்ணம் அவரை வாட்டியது. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவரது உறுதியாக இருந்தது.

அவ்வுறுதியை நோய் குலைத்தது. 1945இல் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தவரை முடக்குவாதம் தாக்கியது. 1948இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நிற்கவும் இயலாமல் படுக்கையில் கிடந்த காலம் நீண்டது. கைவிரல்கள் வளைந்து உருக்குலைந்தன. எழுதுகோலைப் பிடிக்கவே முடியாத கை, நெடுநேரம் நின்று செய்யவேண்டிய மகப்பேறு மருத்துவத்திற்கு உதவாது என்பது தெளிவாயிற்று. முப்பது வயதில் கனவு முறிந்தவர் எஞ்சிய வலிமை எது என்று எண்ணிப் பார்த்தார். உட்கார்ந்தபடி, சிறு கருவிகளைக் கொண்டு செய்யக்கூடிய கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். வளைந்த விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கப் புதிதாகப் பழகினார். அந்த விரல்களே பின்னாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தன. மன உறுதியின் வெற்றி என்று இதனைப் புகழ்வது எளிது. தன் நிலையைக் கண்ணீரின்றி அளந்து பார்த்த தெளிவையும் அத்துடன் சேர்த்துச் சொல்வதே முறை.

வராதவர்கள்

1956இல் அவர் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையின் தலைவரானார். இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதன்மையான காரணம் கண்புரை. கண்ணினுள் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் வில்லை, முதுமையில் பால்படிந்தாற்போல் மங்கிவிடுவதே அந்நோய். மருந்தால் தீராது; சிறியதோர் அறுவையால் தீரும். எனினும் இலட்சக்கணக்கானோர் அச்சிறு அறுவை கிடைக்காமல் இருளில் இருந்தனர். மருத்துவமனைக்கு அவர்கள் வாராமையால், மருத்துவர் குழு ஊர்களுக்குச் சென்றது. கண் சிகிச்சை முகாம்கள் தொடங்கின. பணிகளைப் பாராட்டி 1973இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

விருதோடு மனநிறைவு கொள்ளாமல் அவர் தொடர்ந்து எண்ணிய செய்தி ஒன்று உண்டு. இலவச அறுவை என்று அறிவித்தும் பலர் முகாமுக்கு வரவில்லை. வந்து பெயர் பதிந்தவருள்ளும் பலர் அறுவைக்கு வரவில்லை. ஈவோர் தரப்பில் இத்தகைய நேரங்களில் எழும் சொற்கள் நாம் அறிந்தவையே: அறியாமை, நன்றியின்மை, சோம்பல். இச்சொற்கள் எண்ணும் வேலையை மிச்சப்படுத்துகின்றன. பழியைப் பெறுவோர்மேல் ஏற்றிவிட்டு, ஈந்தவர் நிம்மதியாக வீடு திரும்ப உதவுகின்றன.

வெங்கடசாமியும் அவருடைய குழுவினரும் வராதவரிடமே காரணத்தைக் கேட்டனர். விடைகள் எளியவை. நகரத்திற்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் வேண்டும். பார்வையற்றவரை அழைத்துச்செல்ல ஒருவர் உடன்வர வேண்டும். உடன்வருபவர் அத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும். இருவரும் உண்ண வேண்டும், தங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தி படும் என்னும் அச்சம். இலவசம் என்று அறிவிக்கப்பட்ட அறுவைக்கு ஏழை ஒருவர் கொடுக்கவேண்டியிருந்த விலை, பல நாள் கூலியாக இருந்தது.

விடை கிடைத்தபின் செய்யவேண்டியது தானே தெரிந்தது. ஊர்களில் கண்களைச் சோதித்து, தேவையுள்ளவரைத் தம் வண்டியிலேயே அழைத்துவந்து, உணவும் தங்குமிடமும் அளித்து, அறுவை முடிந்தபின் ஊரிலேயே கொண்டுவிடும் முறை பின்னர் வழக்கத்திற்கு வந்தது. ஓர் ஊரினர் கூட்டமாக வந்ததால் அச்சமும் குறைந்தது. பார்வை பெற்றுத் திரும்பியவரின் சொல், சுவரொட்டி செய்யாத வேலையைச் செய்தது.

பதினொரு படுக்கைகள்

1976இல், 58ஆம் வயதில், வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீடு அடகிற்குச் சென்றது; குடும்பத்தாரின் நகைகளும் சென்றன. தங்கையான மருத்துவர் நாச்சியார், அவருடைய கணவர் மருத்துவர் நம்பெருமாள்சாமி முதலிய உறவினர் உடனிருந்து உழைத்தனர்.

ஒரு மருத்துவர் நாளொன்றுக்குச் செய்யும் அறுவைகள் சில. காத்திருப்போரோ இலட்சக்கணக்கானோர். இந்த இடைவெளியை இரக்கத்தால் மட்டும் நிரப்ப இயலாது. உலகெங்கும் ஒரே தரத்தில், ஒரே சுவையில், விரைவாக உணவளிக்கும் மெக்டொனால்டு நிறுவனத்தின் முறை அவர் கருத்தைக் கவர்ந்தது. ஆன்மிக நாட்டமுடைய ஒருவர், அரவிந்தரின் பெயரைத் தம் மருத்துவமனைக்குச் சூட்டியவர், உணவு வணிகத்திடம் பாடம் கேட்டது பலருக்கு வியப்பளித்திருக்கும். நல்ல கருத்து எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அது பயன்படுமா என்பதே அவருக்கு முதன்மையாக இருந்தது.

அறுவை அரங்கில் மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள் அமைக்கப்பட்டன. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். அடுத்த அறுவை தொடங்கிவிடும். சோதனை, கண்களைத் தூய்மை செய்தல், கருவிகளை எடுத்துத்தருதல் ஆகியவற்றைச் சிற்றூர்களிலிருந்து வந்து இரண்டாண்டு பயிற்சி பெற்ற இளம்பெண்கள் மேற்கொண்டனர். மருத்துவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை மட்டும் மருத்துவரிடம் விடப்பட்டது. இதனால் அங்குள்ள ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 அறுவைகள் செய்யும் நிலை உருவாயிற்று. பிற இடங்களின் சராசரியைவிட இது பன்மடங்கு மிகுதி.

விரைவு என்றவுடன் தரம் பற்றிய ஐயம் எழுவது இயல்பு, எழவும் வேண்டும். ஒவ்வோர் அறுவையிலும் நேர்ந்த சிக்கல்களை, எந்த மருத்துவரிடம் நேர்ந்தது என்பதோடு பதிவுசெய்து ஆராயும் வழக்கத்தை அம்மருத்துவமனை ஏற்படுத்திக்கொண்டது. நல்ல நோக்கத்தோடு செய்தோம் என்பது சிக்கலுக்குச் சமாதானமாகாது என்பதே அதன் பொருள்.

தெரிந்து தெளிவோம்

இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற விமானிகளின் கண்களில், விமானத்தின் மேல்மூடியிலிருந்து சிதறிய அக்ரிலிக் துண்டுகள் தைத்திருந்தன. அவை கண்ணை உறுத்தாமல் அமைதியாக உள்ளே இருப்பதை இங்கிலாந்து மருத்துவர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். புரையுற்ற வில்லையை எடுத்தபின் அவ்விடத்தில் வேறு வில்லை வைக்காதது ஏன் என்று மாணவர் ஒருவர் அவரிடம் கேட்டதாகவும் கூறப்படுகிறது. 1949 நவம்பரில் இலண்டனில் அவர் முதல் உள்விழி வில்லையைப் பொருத்தினார். மூத்த மருத்துவர் பலர் நெடுங்காலம் அதனை எதிர்த்தனர். இன்று கண்புரை அறுவையின் இயல்பான பகுதியே அதுதான்.

வில்லையின் விலை

ரிட்லி தொடங்கிவைத்த உள்விழி வில்லை 1980களில் செல்வ நாடுகளில் பரவலாயிற்று. இந்திய ஏழைகளுக்கோ பழைய முறைதான். புரையுற்ற வில்லையை எடுத்துவிட்டு, தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்தனுப்புவர். அக்கண்ணாடியில் பொருள்கள் பெரிதாகத் தெரியும். பக்கப் பார்வை குறுகும். வயலில் குனியும்போது கண்ணாடி விழுந்து உடைந்தால், மீண்டும் பார்வையற்றவரே.

ஒரு வில்லையின் விலை அப்போது நூறு டாலரை ஒட்டி இருந்தது. நன்கொடையாக வந்த வில்லைகள் தேவைக்குப் போதவில்லை. ஏழை நாடுகளுக்குத் தடித்த கண்ணாடியே போதும், உள்விழி வில்லை அவற்றின் வசதிக்கு மீறியது என்று வல்லுநர் பலர் கருதினர். கொடிய மனத்தினர் அல்லர் அவர்கள். இருக்கும் பணத்தில் மிகுதியானோர்க்கு உதவவேண்டும் என்னும் நல்லெண்ணத்தில்தான் அவ்வாறு கூறினர். ஆயினும் அவ்வாதத்தின் உள்ளே ஆராயப்படாத ஓர் எடுகோள் ஒளிந்திருந்தது. விலை மாறாதது என்று அவர்கள் கொண்டுவிட்டனர். விற்கும் விலை வேறு, செய்யும் செலவு வேறு; செய்யும் செலவு உண்மையில் எவ்வளவு என்னும் கேள்வியை எழுப்பியபோது வாதம் தளர்ந்தது.

1992இல் மதுரையில் அரோலேப் என்னும் தொழிற்கூடம் தொடங்கப்பட்டது. டேவிட் கிரீன் என்னும் அமெரிக்கர் தொழில்நுட்பத்தைப் பெற உதவினார். அங்கு உருவான வில்லையின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் இன்னும் குறைந்தது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அவ்வில்லைகள் செல்கின்றன. ஏழைக்கு இரண்டாந்தரம் போதும் என்னும் எண்ணத்திற்கு வெளிப்பட்ட மறுப்பு, மேடையில் பேசப்படாமல் ஒரு சிறு வில்லையின் வடிவில் வந்தது.

தன்னலத்திற்கும் ஓர் இடம்

இம்மருத்துவமனையில் பலருக்குக் கட்டணமில்லை; சிலருக்கு மிகக் குறைவு; ஏனையோர் முழுக் கட்டணம் செலுத்துகின்றனர். அவர்கள் தரும் பணத்திலேயே மற்றவர்க்கும் அறுவை நடைபெறுகிறது. வசதியுள்ளவர் ஏழையெனக் கூறி இலவசமாகப் பெற்றுவிட மாட்டாரா? உலகியல் அறிந்த எவரும் கேட்கும் கேள்வி இது.

வருமானச் சான்று கேட்பது இக்கேள்விக்கு வழக்கமான விடை. சான்று கேட்டால் பொய்யர் சிலர் தடுக்கப்படலாம்; தாளுக்காக அலைய முடியாத ஏழையர் பலரும் அவர்களோடு தடுக்கப்படுவர். அரவிந்த் சான்று கேட்கவில்லை. எந்தப் பிரிவுக்குச் செல்வது என்பதை நோயாளியே முடிவுசெய்கிறார். இலவசப் பிரிவில் பொதுக்கூடமும் பாயும் உண்டு. கட்டணப் பிரிவில் தனியறை, குளிர்சாதன வசதி முதலியன உண்டு. அறுவை செய்யும் மருத்துவர்களோ மாறிமாறி இரு பிரிவிலும் பணியாற்றுகின்றனர். தனி வசதியை விரும்புவோர் தாமாகவே கட்டணப் பிரிவை நாடுகின்றனர். மனிதரின் தன்னலத்தை வெங்கடசாமி கடிந்துரைக்கவில்லை; அது இல்லாததுபோல் நடிக்கவுமில்லை. அதற்கு ஓர் அறையை ஒதுக்கி, அதன் வாடகையால் பக்கத்துக் கூடத்தில் விளக்கேற்றினார் எனலாம்.

வேறுபாடே இல்லாத மருத்துவமனை இதனினும் உயர்ந்தது அன்றோ என்று வினவுவோர் உண்டு. மருத்துவரின் கடும் பணிச்சுமையையும், அடிப்படைப் பணிகளைச் சுமக்கும் இளம்பெண்களின் உழைப்புக்கு ஈடான ஊதியத்தையும் பற்றிக் கேட்போரும் உண்டு. இவை தள்ளத்தக்க கேள்விகள் அல்ல.

தன் பெருமையையே அளந்தபோது

தொழிலில் வெற்றி பெற்றோர் அதன் நுட்பத்தை மறைப்பது உலக இயல்பு. 1992இல் அமைந்த லயன்ஸ் அரவிந்த் பயிற்சி நிறுவனம் அதற்கு நேர்மாறாக, தன் முறைகளைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுத்தருகிறது. கேட்டு வருவோருள் அண்டை நகரத்தில் போட்டியாக வரக்கூடியவரும் இருக்கலாம். பார்வையற்றோர் தொகை அத்தனை பெரிதாக இருக்கையில் போட்டி என்னும் சொல்லுக்குப் பொருளில்லை என்பதே அவர்கள் கணக்கு.

அரவிந்தின் பெருமைக்குரிய அடையாளமாக விளங்கியவை ஊர்ப்புற முகாம்கள். 1990களின் இறுதியில் வெளிவந்த ஓர் ஆய்வு அவற்றையே அளந்து பார்த்தது. முகாம் நடந்த ஊர்களில் கண் நோயுற்றோரில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட முகாமுக்கு வந்திருக்கவில்லை. மண்டபம் நிறைந்த கூட்டத்தைக் கண்டு மகிழ்ந்தவர்க்கு, வீட்டிலேயே இருந்துவிட்ட பெருங்கூட்டம் தெரியாமற் போயிருந்தது. அம்முடிவை மறைக்கவோ மறுக்கவோ முயலாமல் நிறுவனம் அதனை எடுத்துக்கொண்டது.

2004 முதல் சிற்றூர்களை ஒட்டிப் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே ஆண்டு முழுதும் கண்களைச் சோதிக்கிறார். நகரத்திலுள்ள மருத்துவர் காணொளி வழியாக நோயாளியுடன் பேசி, அறுவை வேண்டுமா, கண்ணாடி போதுமா என்று முடிவுசெய்கிறார். 2006ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் வெங்கடசாமி மறைந்தபோது மையங்கள் சிலவே இருந்தன; பின்னர் அவை பெருகின. மையத்திற்குச் செல்லும் மூதாட்டிக்கு நெடுந்தொலைவுப் பேருந்துக் கட்டணம் இல்லை. துணைக்கு வருபவர் கூலியை இழக்கவேண்டியதில்லை. காலையில் கண்ணைக் காட்டிவிட்டு, நண்பகலுக்குள் அவர் வீடு திரும்பிவிடலாம்.