நமக்குப் பின் நம் வளர்ப்புப் பிராணி: ஆளும் பணமும் ஆவணமும்

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்தில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு ஏற்பட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகள் புதையுண்டன. எழுபது பேரைப் பலிகொண்ட அந்த விபத்தில் உயிரிழந்தோருள் பெரும்பாலோர் தமிழர். தேடுதல் பணி ஒரு வாரத்தைக் கடந்த நிலையில், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆற்றில் சிக்கிக் கிடந்த இடத்தைக் காட்டியது குவி என்னும் நாய். அதன்பின் அது உணவருந்த மறுத்துச் சோர்ந்து கிடந்தது. இடுக்கிக் காவல்துறை நாய்ப்படையைச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் இரக்கங்கொண்டு, உரிய அனுமதி பெற்று அதை வளர்த்தார். மறு ஆண்டு, உயிர்தப்பிய பாட்டியிடமே குவி திரும்பிச் சென்றது.

குவிக்கு நல்லவர் ஒருவர் வாய்த்தது தற்செயலே. நம் வீட்டுப் பிராணியையும் தற்செயலிடம் ஒப்படைக்க வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு நாயும் கறவைப் பசுவுமாகத் தனித்து வாழும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மக்கள் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர் காலமானால் பசுவுக்கு விலை உண்டு. எவரேனும் ஓட்டிச் செல்வர். வயதான நாயை யார் கேட்பார்?

சட்டம் இதில் உணர்ச்சி காட்டுவதில்லை. பிராணி ஒரு சொத்து. சொத்து இன்னொரு சொத்துக்கு வாரிசாக இயலாது. ஆகவே நாயின் பெயரில் வைப்புத்தொகை வைக்கவோ, அதை நியமனதாரராகக் குறிக்கவோ இயலாது. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டமும் சொத்தை உடைமையாகக் கொள்ளத்தக்கவரையே பயனாளியாக ஏற்கிறது. அதே வேளையில், பட்டினியால் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டைப் பெறும் வாரிசு நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போக முடியாது.

எனவே பணம் செல்ல வேண்டியது பிராணிக்கன்று, அதைப் பேணுபவருக்கு. 2024 அக்டோபரில் மறைந்த ரத்தன் டாட்டா, தம் நாய் டிட்டோவைப் பேணும் பொறுப்பை நெடுநாள் சமையற்காரரிடம் உயிலில் ஒப்படைத்ததாகச் செய்திகள் வந்தன. செல்வத்தின் அளவை விட்டுவிடுங்கள்; நாய்க்குப் பழகிய கையை அவர் தேர்ந்தெடுத்ததே நமக்குப் பாடம். நெருங்கிய உறவினரைக் காட்டிலும் அடுத்த வீட்டுக்காரர் பொருத்தமானவராக இருக்கலாம். அவரிடம் நேரில் கேட்டு, முழுமனத்துடன் இசைவு பெறுங்கள். அவர் இயலாதபோது பொறுப்பேற்க இன்னொருவரும் தேவை.

அடுத்துத் தொகை. உணவு, தடுப்பூசி, மருத்துவம் என மாதம் 4,000 ரூபாய் ஆகிறது. நாய் இன்னும் 8 ஆண்டுகள் வாழக்கூடும் என்று கொண்டால் 3,84,000 ரூபாய் வேண்டும். விலையேற்றத்தைக் கருதிச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். இதை ஒரே தவணையில் கொடுப்பதைவிட, உயிலை நிறைவேற்றுபவர் காலாண்டுதோறும் வழங்குமாறு எழுதுவது நன்று. பிராணியின் காலத்துக்குப்பின் எஞ்சும் தொகை யாருக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும். உயிலில் இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமன்று. பயன்பெறுபவரையே சாட்சியாக வைக்காதிருப்பது விவேகம். உயிலை உங்கள் தனிப்பெயரிலுள்ள பெட்டகத்தில் மட்டும் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அப்பெட்டகம் திறக்கப்படும் வரை நாய் பட்டினி கிடக்காது காத்திருக்காது.

உயில் இறப்புக்குப் பின்னரே பேசும். உரிமையாளர் பக்கவாதத்தால் நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கும் மாதங்களில் அதனால் பயனில்லை. பவர் பத்திரம் போதும் என்று பலர் நம்புகின்றனர். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, அதை அளித்தவர் இறந்தாலோ சித்தசுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரம் முடிவடைகிறது. மிகத் தேவையான வேளையில் கைவிடும் ஆவணம் அது. நினைவிழந்தோருக்குக் காப்பாளரை நியமிப்பது குறித்துக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வழிகாட்டு நெறிகள் வகுத்துள்ளது. ஆயினும் நீதிமன்றம் சென்று வரக் காலம் பிடிக்கும்.

இந்த இடைவெளிக்கு எளிய வழி, பேணுபவருடன் சேர்ந்து 'எவரேனும் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்னும் முறையில் சிறு சேமிப்புக் கணக்கு தொடங்குவதே. மற்றவர் அதில் உள்ள முழுத்தொகையையும் எடுக்க இயலுமாதலால், ஆறு மாதச் செலவுக்கு மேல் அதில் வைக்க வேண்டாம். அத்தொகை எதற்கானது என்பதை உயிலிலும் ஒரு வரி எழுதிவிட்டால் வாரிசுகளிடையே பூசல் எழாது. நியமனதாரர் பெறும் பணமும் சட்டப்படி வாரிசுகளுக்காகப் பெறப்படுவதே. 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம் என்றாலும், உயிலின் இடத்தை நியமனம் நிரப்பாது.

முதல் இரண்டு நாள்களுக்கு வங்கியும் உதவாது, வழக்கறிஞரும் உதவார். பணப்பையில் ஒரு சிறு சீட்டு இருக்கட்டும்: வீட்டில் நாய் இருக்கிறது, இன்னாரை அழையுங்கள், சாவி இன்னாரிடம். தடுப்பூசி அட்டை, ஊராட்சியில் பெற்ற உரிமம், பசுவின் காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு, அந்த அயலாருக்கு இடத்தைக் காட்டிவிடுங்கள். நாய் எதை உண்ணும், எதற்கு அஞ்சும் என்பதையும் அந்த உறையிலேயே எழுதி வையுங்கள்.