24 மணி நேரம், 24 பக்கம்: பட்டிப்பொலவில் ஒரு படக்கதை

அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர் ஸ்கொட் மெக்ளவுட் 1990இல் தன் நண்பர் ஸ்டீவ் பிசெட்டுக்கு ஒரு சவால் விட்டார்: 24 மணி நேரத்தில் 24 பக்கப் படக்கதை. கதை, படம், வசனம் எல்லாமே அந்த நேரத்துக்குள் முடிய வேண்டும். 2004இல் சித்திரக்கதை எழுத்தாளர் நட் கேர்ட்லர் இதற்கென ஒரு நாளையே ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு பல நாடுகளில் ஓவியர்கள் ஒன்றுகூடி இரவிரவாக வரைகிறார்கள்.

இதற்கு மண்டபமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கும் பட்டிப்பொலவில், லயக் காம்பரா மேசையொன்றிலும் செய்யலாம். மாசியில் விடிய விடியக் காமன் கூத்து ஆடும் மலையக மக்களுக்கு, ஒரு கதைக்காகக் கண்விழிப்பது பழக்கமானதுதான்.

செய்ய வேண்டியவை

1. மறுநாள் வேலையோ பள்ளியோ இல்லாத நாளாகப் பாருங்கள். தூங்காத உடம்போடு ஈரச் சரிவில் கொழுந்தெடுக்கப் போவது ஆபத்து.

2. தாள், பேனா, அடிமட்டம், பார்த்து வரைய வேண்டிய படங்கள், சாப்பாடு ஆகியவற்றை முன்பே சேர்த்து வையுங்கள். சவாலின் விதி இதை அனுமதிக்கிறது. கரண்ட் போனாலும் வேலை நிற்காதபடி சார்ஜ் ஏற்றிய விளக்கொன்றும் இருக்கட்டும். வலக்கைக்காரர் விளக்கை இடப்பக்கம் வைத்தால் கையின் நிழல் படத்தில் விழாது.

3. கணக்குப் போட்டு வரையுங்கள். மணிக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஆறு கட்டம் என்றால் கட்டத்துக்குப் பத்தே நிமிடம். சாப்பாடும் தூக்கமும் இதற்குள்தான். ஆகவே நான்கு கட்டம் போதும். சில பக்கங்களில் ஒரே பெரிய படம் வரட்டும்.

4. வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பேச்சுக் குமிழியை வரையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குமிழியை முதலில் போட்டால் எழுத்து நெருக்கியடிக்கும்.

5. பனிமூட்டத்தைப் பயன்படுத்துங்கள். தண்டவாளத்தின் இரண்டு கோடு, ஒரு மரத்தின் நிழலுரு, மீதி வெள்ளைத்தாள்: பட்டிப்பொல வந்துவிடும், நேரமும் மிச்சமாகும்.

6. ஈரக்காற்றில் மை மெதுவாகத்தான் காயும். முடிந்த பக்கங்களை அடுக்காமல், கொடி கட்டிக் கிளிப்பில் மாட்டுங்கள்.

7. 12ஆம் பக்கத்துக்குள் முடிவைத் தீர்மானியுங்கள். அதற்குப் பின் புதிய பாத்திரம் வேண்டாம்.

செய்யக்கூடாதவை

1. கதையை முன்கூட்டியே யோசித்து வைக்காதீர்கள். பாத்திரத்தின் முகத்தைக்கூட முன்பே வரைந்து பார்க்கக் கூடாது என்பது விதி.

2. முடித்த பக்கத்தைத் திரும்ப வரையாதீர்கள். மூன்றாம் பக்கத்துக் கை கோணலாக இருந்தால் இருக்கட்டும். பத்தாம் பக்கத்தில் உங்கள் கோடு தானாகவே துணிந்துவிடும்.

3. குளிருக்காகக் கதவடைத்த அறைக்குள் கரி நெருப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, உயிரையே எடுக்கும். கம்பளியும் விரல்நுனி வெட்டிய கையுறையும் போதும்.

4. வெறும் தேத்தண்ணியில் இரவை ஓட்டாதீர்கள். ரொட்டியும் சம்பலும் பக்கத்தில் இருக்கட்டும். கண் சொருகினால் அரை மணி நேரம் படுத்தெழும்புங்கள். கடிகாரம் மட்டும் நிற்காது.

5. பாட்டைச் சத்தமாக வைக்காதீர்கள். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தூங்கும்.

6. பார்த்தறியாத வெளிநாட்டு நகரத்தை வரையப் போகாதீர்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் எங்கே பதியும், படங்கை இடுப்பில் எப்படிக் கட்டுவார்கள் என்பது உங்களுக்குப் பார்க்காமலே வரும். ரயில் ஜன்னலிலிருந்து மலையைப் படமெடுப்போர் ஆயிரம். மலைக்குள்ளிருந்து அதன் கதையைச் சொல்ல ஆள் தேவை.

7. நேரம் முடிந்துவிட்டதென்று தாள்களைக் கிழிக்காதீர்கள். இந்தச் சவாலை ஏற்ற எழுத்தாளர் நீல் கெய்மன், 24 மணி நேரம் ஆனதும் வந்த இடத்தில் கதையை முடித்தார். நிஞ்சா ஆமைகளை உருவாக்கிய இருவரில் ஒருவரான கெவின் ஈஸ்ட்மன், நேரம் தாண்டியும் 24 பக்கத்தையும் வரைந்து முடித்தார். மெக்ளவுட் இரண்டையுமே மதிப்புக்குரிய தோல்விகளாக ஏற்றுக்கொண்டார்.

பாதியில் நின்ற கதைகள் எத்தனை கொப்பிகளில் இருந்தாலும், வாசகருக்குப் போய்ச் சேர்வது முடித்த கதை மட்டுமே. தூங்கி எழுந்ததும் பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுங்கள். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம். ஆறு தாள், நடுவில் இரண்டு பின், புத்தகம் தயார். முதல் பிரதியை லயத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அடுத்த கதையை வரையப்போவது அவர்களில் ஒருவராக இருக்கலாம்.