போர்டிங்கில் விடுவதற்கு முன்

அன்பு மகள் மலர்விழிக்குப் பெரியப்பா எழுதுவது.

வெளியூர் செல்லும்போது வளர்ப்பு நாயைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரிக்கும் விடுதியில் விட்டுச்செல்வதை நகரத்தில் ‘போர்டிங்கில் விடுவது’ என்கிறார்கள். பாட்டியோ சித்தப்பாவோ யாரேனும் ஒருவர் வீட்டோடு இருந்த காலத்தில் இதற்குத் தேவை எழவில்லை. கணவனும் மனைவியும் மட்டும் வாழும் அடுக்குமாடி வீட்டில், இருவரும் ஒன்றாகக் கிளம்பினால் நாய்க்குச் சோறு வைக்கவும் ஆளில்லை என்ற நிலை வந்த பிறகே சென்னை, கோவை போன்ற ஊர்களில் இத்தகைய விடுதிகள் பெருகின. ஆகவே மே மாதப் பயணத்துக்காக மலர்விழி தன் சிப்பிப்பாறை இன நாயை அப்படி ஓரிடத்தில் விட நினைப்பதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. ஆனால் விடுதி விளம்பரங்கள் முன்னிறுத்தும் நீச்சல் குளம், பெயர் பொறித்த அறை, பிறந்தநாள் கேக் முதலியவற்றால் நாய்க்கு ஆகப்போவது ஒன்றுமில்லை; அவை பணம் கட்டுகிறவரின் மனத்தை ஆற்றுவதற்காக ஏற்பட்டவை. பகலில் பழகி இரவிலும் எட்டும் தூரத்தில் இருக்கும் ஓர் ஆள் அங்கே உண்டா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும் என்பது பெரியப்பாவின் திடமான கருத்து.

இக்கருத்துக்கு ஆய்வுலகிலும் ஆதாரம் உண்டு. ஒரு வயதுக் குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளப்பதற்காக உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் ஒரு சோதனை முறையை வகுத்திருந்தார். பழக்கமில்லாத அறையில் குழந்தையை விட்டு, அந்நியர் ஒருவர் உள்ளே வரும்போதும் தாய் வெளியேறும்போதும் அவள் திரும்பும்போதும் குழந்தை என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்வதே அம்முறை. ஹங்கேரியைச் சேர்ந்த யோசெஃப் தோபால் குழுவினர் இதை 51 நாய்களுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் பொருத்திப் பார்த்து 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். வளர்ப்பவர் உடனிருக்கும்போது விளையாடிய நாய்கள், அவர் போனபின் கதவருகே போய் நின்றன. அந்தப் பிணைப்பு குழந்தை தாயிடம் கொள்ளும் பிணைப்பை ஒத்தது என்று அவர்கள் கருதினர். 2001இல் அதே நாட்டின் மார்தா காச்சி குழுவினர் காப்பகத்து நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வு இன்னும் பயனுள்ளது. யாருமற்றுக் கிடந்த அந்த நாய்களிடம் ஒருவர் மும்முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் அளவுக்குப் பழகியதே அவரிடம் பிணைப்பின் அறிகுறிகளைக் காட்டப் போதுமானதாக இருந்தது. வீட்டு நாய் அந்நிய இடத்தில் தவிப்பது செல்லம் கொடுத்ததால் வந்த கெட்ட பழக்கம் என்று உறவினர்கள் சொல்லக்கூடும், அது பிழை. அத்தவிப்பைத் தணிக்கும் வழி ஒரு மனிதரின் கையில்தான் இருக்கிறது என்பதே இவ்விரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது தெரியவருவது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னெஸ்ஸி குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வையும் இங்கே கருத வேண்டும். கார்டிசால் என்பது அச்சமும் நெருக்கடியும் நேரும்போது உடலில் மிகுதியாகச் சுரக்கும் இயக்குநீர். காப்பகத்துக்கு வந்த நாய்களின் இரத்தத்தில் அதன் அளவு முதல் மூன்று நாள்களில் உயர்ந்திருந்து, நாள் செல்லச் செல்லத் தணிந்ததை அவர்கள் கண்டனர். காப்பகமும் போர்டிங் விடுதியும் ஒன்றல்ல என்றாலும், இதிலிருந்து பொதுவழக்கத்துக்கு மாறான ஒரு முடிவுக்கு வர இடமுண்டு. இரண்டு நாள் கல்யாணத்துக்காக நாயை விடுதியில் விடுகிறவர், மிகக் கடினமான நாள்களை மட்டும் நாய்க்குக் கொடுத்து, பழகத் தொடங்கும் நேரத்தில் அழைத்து வந்துவிடுகிறார்; அவ்வளவு குறுகிய பயணத்துக்குத் தெரிந்தவர் ஒருவரை வீட்டிலேயே வந்து தங்கச் சொல்வது மேல். பத்து நாள் பயணத்துக்கு விடுதி பொருந்தும். ஆனால் அந்த முதல் நாள்களின் பாரத்தைப் பயணத்துக்கு முன்பே பாதியாவது இறக்கி வைக்க வேண்டும். அதாவது ஏப்ரலிலேயே இரண்டு பகல்பொழுதுகளும், பின்னர் ஓர் இரவும் நாயை அங்கே விட்டுக் கூட்டிவர வேண்டும். இடமும் ஆளும் முன்பே தெரிந்த நாய்க்கு மே மாதத்தில் பிரிவு ஒன்றுதான் சுமை. சோதனைத் தங்கலுக்குச் சம்மதிக்காத விடுதியை அத்தோடு விட்டுவிடலாம்.

விடுதியை நேரில் பார்க்கும்போது கேட்கவேண்டிய முதற்கேள்வி, இரவில் யார் இருக்கிறார் என்பது. பல இடங்களில் பராமரிப்பவர் மாலை ஏழு மணிக்குக் கூண்டுகளைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். வாசலில் காவலாளி இருப்பார், அவருக்கு நாய்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கூண்டு மறுபடி திறப்பது காலை ஆறு மணிக்கு. வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கக்கூடாது என்று பழக்கப்பட்ட நாய் அந்தப் பதினொரு மணிநேரமும் அடக்கிக்கொண்டு கிடக்கும். அதைவிட ஆபத்தானது வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளுதல் என்னும் கோளாறு. சிப்பிப்பாறை போன்ற ஆழ்ந்த மார்புக்கூடு உள்ள நாய்களுக்கு, இரைப்பையில் காற்று நிறைந்து பை தன்னைத்தானே சுற்றிக்கொண்டால், சில மணிநேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் உயிர் தங்காது. எதுவும் வெளிவராத குமட்டல், வாயில் ஒழுகும் எச்சில், மத்தளம்போல் இறுகிய வயிறு ஆகிய அறிகுறிகள் நள்ளிரவில் தொடங்கினால் அதைப் பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும், அல்லது குரல் கேட்கும் தூரத்தில் உறங்க வேண்டும். கண்காணிப்புக் கேமரா இருக்கிறது என்ற பதில் இதற்கு ஈடாகாது, ஏனெனில் அந்தப் படத்தை அந்நேரத்தில் பார்ப்பவர் எவருமில்லை.

வரவேற்பறையில் இனிக்கப் பேசுகிறவர் பெரும்பாலும் உரிமையாளர். நாய்க்குத் தண்ணீர் வைப்பவர் வேறொருவர். அந்த வேறொருவரைப் பார்க்க வேண்டும். அவர் கூண்டுகளின் வரிசை நெடுக நடந்து செல்லும்போது நாய்கள் கம்பியருகே வந்து வாலாட்டுகின்றனவா, பின்சுவரோடு ஒதுங்குகின்றனவா என்று கவனித்தால் போதும், மற்ற விசாரணைகள் பாதிக்குமேல் முடிந்துவிடும். அவர் பொறுப்பில் எத்தனை நாய்கள் என்பதையும், மே மாத நெரிசலில் அந்த எண்ணிக்கை என்ன ஆகும் என்பதையும் கேட்கலாம். பல விடுதிகளில் இவ்வேலை செய்வோர் வடமாநிலத்தவர். மலர்விழியின் நாய்க்கோ ‘வா’, ‘இரு’, ‘வேணாம்’ என்பவைதான் தெரியும். அந்தச் சொற்களை எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் அவர் வாயால் ஒருமுறை சொல்லச்செய்து நாயையும் கேட்கவைப்பது சிறிய வேலைதான் என்றாலும் அதன் பலன் பெரிது.

நோயைப் பொறுத்தவரை தரையும் சுவரும்தான் பேசும். குட்டிகளை இரத்தபேதியால் கொல்லும் பார்வோ எனப்படும் வைரஸ் மண்ணிலும் தரையிடுக்கிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கவல்லது. பினாயில் வாசனை தூக்கலாக வீசும் விடுதியைச் சுத்தமான விடுதி என்று எண்ணிவிடக்கூடாது, ஏனெனில் பினாயில் இந்த வைரஸுக்குப் போதுமானதன்று. தண்ணீரில் கலந்த பிளீச்சிங் கரைசலே இதை அழிக்கும். நாய்க்கு ஆண்டுத் தடுப்பூசி காலந்தவறாமல் போட்டிருந்தால் பார்வோ பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நாய்கள் கூடும் இடங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காற்றில் தாவும் ‘கென்னல் காஃப்’ என்னும் தொற்றிருமலுக்குத் தனித் தடுப்பு மருந்து உண்டு. மூக்கில் விடும் வகை மூன்று நாள்களில் பலன் தரத் தொடங்கும், ஊசிவகைக்கு முதன்முறை சில வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். பல கிருமிகள் இவ்விருமலை உண்டாக்குவதால் மருந்து இட்ட நாய்க்கும் அது வரலாம், ஆனால் கடுமை குறைவாக இருக்கும். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் நாயைச் சேர்த்துக்கொள்ளும் விடுதி, பக்கத்துக் கூண்டு நாயின் அட்டையையும் பார்த்திராது.

தமிழ்நாட்டுத் தட்பவெப்பத்தில் இவை எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது உண்ணி. பழுப்பு நாயுண்ணிக்குக் கூண்டுண்ணி என்று பெயரிட்டாலும் தகும். காட்டையோ புல்லையோ நாடாமல் முட்டை முதல் முதிர்பருவம் வரை கட்டடத்துக்குள்ளேயே வாழ்ந்து முடிக்க அதனால் இயலும். இரத்தம் குடித்து மொச்சைக்கொட்டையளவு உப்பிய பெண் உண்ணி நாயின் உடலிலிருந்து உதிர்ந்து, சுவரேறி, காரை பெயர்ந்த விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே கூண்டின் பின்மூலையிலும் கதவுச் சட்டத்தின் இடுக்கிலும் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும்; எள்ளளவு கரும்புள்ளிகள் சுவரில் ஊர்ந்தால் மற்ற வசதி எதுவும் கணக்கில் வராது. இவ்வுண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகளால் வருவதைத்தான் பொதுவில் ‘டிக் ஃபீவர்’, அதாவது உண்ணிக் காய்ச்சல், என்கிறார்கள். உண்ணி மாத்திரை கொடுத்திருந்தாலும், கடித்த பின்னரே உண்ணி சாகும் என்பதால் மாத்திரையைக் கவசம் என்று கொள்ளலாமே தவிர, அசுத்தமான இடத்துக்கு அனுமதிச் சீட்டாகக் கொள்ளக்கூடாது. எந்த மாத்திரை, எப்போது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும், வலிப்பு கண்ட நாய்க்கு மருத்துவரின் முடிவு மிகவும் அவசியம்.

மே வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்கிறது. தகரக் கூரையும் அடைத்த சுவரும் சேர்ந்தால் அந்த மூச்சிரைப்பும் உதவாது. பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் குளிர்சாதனம் இன்றியமையாதது; சிப்பிப்பாறைக்கு நல்ல காற்றோட்டமும் நிழலும் போதும்.

அந்த இனத்துக்கே உரிய இரண்டு ஆபத்துகள் உண்டு. முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டு வந்த சிப்பிப்பாறை, ஓடிவந்து தாவினால் ஆளுயர மதில் அதற்குப் பொருட்டன்று. ஆகவே விளையாட்டுத் திடலின் வேலி உயரத்தையும், ஒரு கதவை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கும் இரட்டைக் கதவு அமைப்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். மேலும் அதன் தலை கழுத்தைவிடப் பெரிதாக அகன்றிருப்பதில்லை என்பதால், சாதாரணக் கழுத்துப்பட்டை பின்வாங்கும் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் வகைப் பட்டையோ மார்புப்பட்டையோ கொடுத்தனுப்ப வேண்டும். தோலுக்கடியில் அரிசிமணியளவில் செலுத்தப்படும் மைக்ரோசிப்பில் உள்ள 15 இலக்க எண், தப்பிய நாயை இன்னாருடையது என்று அடையாளம் காட்டும். ஆனால் பதிவேட்டில் இருக்கும் தொலைபேசி எண் பழையதாக இருந்தால் அதனால் பயனில்லை. நாய் குரைக்காமல் இருக்க மயக்க மருந்து கொடுப்பதாக எந்த விடுதியேனும் சொன்னால் மறுத்துவிட வேண்டும். மெலிந்த வேட்டைநாய்கள் சில மயக்க மருந்துகளை மெதுவாகவே வெளியேற்றும் உடலமைப்பு கொண்டவை.

உணவில் ஒரே விதி: வீட்டில் தின்பதையே அங்கும் தின்ன வேண்டும். தயிர்சாதமும் கோழியும் தின்று வளர்ந்த நாய்க்கு ஒரே நாளில் பாக்கெட் தீவனத்தை வைத்தால் பேதி நிச்சயம். சமைத்துப் போட விடுதி ஒப்பாவிட்டால், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுச் சோற்றில் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கலாம். துவைக்காத பழைய போர்வை ஒன்றையும் உடன் அனுப்பலாம். வீட்டு மணம் அதில் இருக்கும்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 3ஆம் பிரிவில், ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதன் நலத்துக்குத் தக்க நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. அதாவது கடமை விடுதிக்காரரையும் சேரும். இருந்தாலும் சட்டத்தை நம்பிக் கிளம்பாமல், நாய்க்கு உடல்நலம் கெட்டால் எந்த மருத்துவரிடம் கொண்டுபோவது, தொடர்புகொள்ள முடியாத நிலையில் எவ்வளவு தொகை வரை செலவிட்டுச் சிகிச்சை செய்யலாம், அறுவைக்குச் சம்மதம் சொல்ல ஊரில் இருக்கும் உறவினர் யார் என்பவற்றைக் கையெழுத்திட்ட தாளில் கொடுக்க வேண்டும். மலைப்பகுதியில் கைப்பேசி எட்டாமல் போகும் பயணத்துக்கு இந்தத் தாள் இல்லாமல் கிளம்பவே கூடாது.

விடும் நாளில் காலையிலேயே கொண்டுவிடுவது நல்லது. இருட்டுவதற்குள் நாய் அந்த இடத்தை மோந்து முடித்திருக்கும். கட்டியணைத்து அழுது நெடுநேரம் விடைபெறுவதால் நாய்க்குக் கலக்கம் கூடுமேயன்றிக் குறையாது; கயிற்றை அந்தப் பழகிய ஆளின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

திரும்பி வந்ததும் இரண்டு நாள் நாய் ஓயாமல் தூங்கினாலும், குரல் கம்மியிருந்தாலும், சற்றே இளைத்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். அன்றைக்கே காதுமடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களில் விரலால் தடவி உண்ணியைத் தேட வேண்டும். இரண்டு வாரம் வரை வறட்டிருமலையும், மூன்று வாரம் வரை காய்ச்சலையும் கவனிக்க வேண்டும். சோற்றைத் தொடாமை, ஈறு வெளிறுதல், மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச்சொல்ல வேண்டும். அப்போது மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டியது, நாய் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை போர்டிங்கில் இருந்தது என்பது.

அன்புடன்,
பெரியப்பா